உவமையைத் திருத்த மலையேறிய டாக்டர்

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் ஏதாவது பேச வேண்டும் என்று கேட்டார்கள். பேச வரவில்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கதையைப் பேசினால் நடுவில் அழுதுவிடுவேன். அழுதுகொண்டே புத்தி சொல்லும் ஆட்களைக் கண்டால் எனக்கே பிடிக்காது.

செல் வளர்ப்பது, அது வளரும் தட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வது, படம் பிடிப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெற்ற வருடம் வந்த புது நுண்ணோக்கியை இயக்க, உங்களில் ஒருவர்தான் எனக்குப் பட்டனை அமுக்கித் தர வேண்டியிருந்தது. ஆகவே கை வேலையை விட்டுவிடுகிறேன். வாயைப் பற்றிச் சொல்கிறேன். நம் வேலையில் கை தவறினால் ஒரு தட்டு கெடும், அடுத்த வாரம் இன்னொன்று வளர்க்கலாம். வாய் தவறினால் என்ன ஆகும் என்பதை நான் என் அண்ணன் வீட்டில் பார்த்தேன்.

எங்கள் ஆய்வகத் தலைவியை நாங்கள் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் இப்போதும் ஃபோன் போட்டுத் திட்டுவார். கிள்ளான் பக்கத்துக்காரர். மருத்துவம் படித்துவிட்டு, மூளை எப்படி உருவாகிறது, அடிபட்ட மூளை எப்படித் தேறுகிறது என்ற ஆராய்ச்சிக்கு வந்தவர். நரம்பு ஸ்டெம் செல்கள், அதாவது மூளையின் மற்ற செல்களைப் பெற்றெடுக்கும் தாய்ச்செல்கள், அவைதான் அவருக்கு உலகம். சரியான கோபக்காரர். தட்டில் பூஞ்சை பிடித்தால் திட்டமாட்டார். பிடித்ததை யாராவது மறைத்தால் அன்றைக்கு முழுக்க நாங்கள் சுவரோரமாகத்தான் நடப்போம். அவரைப் போல நேர்மையான ஒரு மனுஷியை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவது அவர் செய்த ஒரு தவறைப் பற்றி.

நான் கேமரன் மலைக்காரி. ரிங்லெட்டைத் தாண்டி உள்ளே போகும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். என் அண்ணன் அந்தோணி அதே தோட்டத்தில் நர்சரியைப் பார்த்துக்கொண்டவர். மேரி அண்ணிக்கும் அங்கேதான் வேலை. தேயிலைக் கிளையை ஒற்றை இலையோடு நறுக்கி, மண் நிரப்பிய சிறு பைகளில் நட்டு, பச்சை வலையின் நிழலில் வேர் பிடிக்கும்வரை வைத்திருக்கும் இடம் அது. வேர் பிடிக்கும்வரை அண்ணி ஒரு போலீஸ்காரி. யாரும் பையைத் தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது, வெயில் நேராகப் படக் கூடாது. கொழுந்து வெட்டும் வங்கதேசத்து ஆட்கள் குறுக்கே நடந்துபோனால்கூட, "ஓய்! அந்தப் பக்கமாப் போலா!" என்று சத்தம் வரும்.

தோட்டத்து இளைஞர் சங்கத்தார், டேவானில், அதாவது தோட்டத்துப் பொதுமண்டபத்தில், மூளையைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். நான் டாக்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். காலையில் அண்ணி அவருக்கு நர்சரியைச் சுற்றிக் காட்டினார். டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குனிந்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார், வேர் எப்போது வரும், எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தச் சந்தோஷத்தோடு மேடையேறினார்.

"உங்க நர்சரிய இப்பத்தான் பாத்துட்டு வர்றேன். நம்ம மண்டைக்குள்ளயும் அதே மாதிரி ஒரு சின்ன நர்சரி இருக்கு. அங்க புது செல்லு நாத்து மாதிரி வளருது!"

கைதட்டல் அடங்க நேரமானது. அதற்குப் பிறகு அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லத்தான் செய்தார். எலியின் மூளையில் இது தெளிவாகத் தெரிகிறது, வளர்ந்த மனிதர்களுக்கு எந்த அளவுக்கு நடக்கிறது என்று அறிஞர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை ஓயவில்லை என்றார். யார் கேட்டார்கள்? நர்சரி மனதில் ஏறிவிட்டது, மற்றதெல்லாம் காற்றோடு போய்விட்டது.

சில மாதங்கள் கழித்து அண்ணன் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஓடிப் போய்ப் பார்த்தேன். உயிருக்குப் பயமில்லை, வீட்டுக்குப் போய் விடாமல் பயிற்சி செய்யுங்கள், முதல் சில மாதங்கள்தான் முக்கியம் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் கோலாலம்பூருக்குத் திரும்பிவிட்டேன். ஃபோனில் கேட்கும்போதெல்லாம் அண்ணி, "நல்லா பாத்துக்கிறேன்லா, நீ ஒன் வேலயப் பாரு" என்பார். அண்ணி பார்த்துக்கொள்கிறேன் என்றால் பார்த்துக்கொள்வார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

விடுப்பு கிடைத்ததும் போனேன். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அண்ணன் வீட்டின் உள்ளறையில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஜன்னலில் நர்சரியின் பச்சை வலையை இரண்டாக மடித்துக் கட்டியிருந்தார்கள். அறை முழுக்கப் பாசி நிற வெளிச்சம். வானொலியைக் காணோம். அண்ணன் அசையாமல் படுத்திருந்தார். அவருடைய வலது கை தலையணை மேல், துண்டு போர்த்தி, பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் லயத்தில் ஒருவர் படுத்துவிட்டால் அவர் மொத்த லயத்துக்கும் பிள்ளை. காலையில் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு என்று முறை வைத்துச் சோறு வரும். கொண்டுவந்தவர்தான் ஊட்டுவார். ஊட்டாமல் தட்டை வைத்துவிட்டுப் போனால் அது அவமரியாதை. மாரியம்மன் கோயில் திருநீறும் சிலுவைப் படமும் ஒரே தலைமாட்டில் இருக்கும். அந்த அன்பில் வளர்ந்தவள்தான் நானும்.

"என்ன அண்ணி இது, வலையெல்லாம் கட்டி?" என்று கேட்டேன்.

அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மெதுவாப் பேசு. வேர் புடிக்கிற வரைக்கும் அசைக்கக் கூடாதுல்ல? டாக்டர்தானே சொன்னாங்க, மண்டைக்குள்ள நர்சரின்னு."

"பயிற்சி சொல்லிக் குடுக்க ஆஸ்பத்திரியில இருந்து ஆள் வரலயா?"

"அந்த மலாய்க்காரப் பொண்ணா? பாவம், நல்ல பொண்ணு. வந்து கையப் புடிச்சு ஆட்டுது, எந்திரிச்சு நில்லுங்குது. நட்டு வச்ச நாத்த யாராச்சும் புடிச்சு ஆட்டுவாங்களா? ஒரு பாக்கெட் தேத்தூள் குடுத்து, அப்புறமா வாம்மான்னு அனுப்பிட்டேன்."

முதல் சில மாதங்கள்தான் முக்கியம் என்றார்களே, அதில் எத்தனை வாரம் இந்தப் பச்சை வெளிச்சத்தில் போயிருக்கும்? அப்படிச் செய்யக் கூடாது அண்ணி, கையை அசைத்தால்தான் கை திரும்பும் என்று கெஞ்சினேன். அண்ணி அசையவில்லை. "நீ பெரிய டாக்டரா, அவங்க பெரிய டாக்டரா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் ஆய்வகத்தில் தட்டு கழுவுவதிலிருந்து தொடங்கி மேலே வந்தவள். பெரிய டாக்டர் சொன்னதைப் பெரிய டாக்டர்தான் மாற்ற முடியும். படுக்கையிலிருந்து அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப் போய் டாக்டருக்கு ஃபோன் போட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நர்சரின்னு சொன்னது நான்தான்" என்றார் டாக்டர். பிறகு, "நாளைக்குக் காலையில அங்க இருப்பேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுநாள்தான் எங்கள் ஆய்வகத்துக்குத் தொடர்ந்து நிதி கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்க ஒரு குழு வருகிறது. மாதக்கணக்கில் அதற்காகத் தயாரானோம். அந்த நிதியில்தான் எங்களில் பாதிப் பேருக்குச் சம்பளம். "நாளைக்குக் குழு வருதே டாக்டர்! ஃபோன்லயே அண்ணிகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்களேன்."

"ஃபோன்ல சொன்னா, நீ சொல்லிக் குடுத்து நான் பேசுறேன்னு நெனப்பாங்க. குழு இன்னொரு நாள் வரும் தெரசா. உங்க அண்ணனுக்கு இந்த வாரம் போனா திரும்பி வராது. டேவானத் திறந்து வைக்கச் சொல்லு. அன்னிக்கு வந்தவங்க எல்லாரையும் வரச் சொல்லு. அந்தப் பிசியோ பொண்ணையும் கூப்பிடு."

"வீட்டுல வச்சுச் சொன்னாப் போதாதா?"

"ஊருக்கே சொன்னதை வீட்டுக்குள்ள வச்சு எப்படித் திருத்துறது?"

மறுநாள் காலை வந்தார். தாப்பா சாலையின் வளைவுகள் அவருக்கு ஆகாது. வழியில் வாந்தி எடுத்து, முகம் வெளுத்துப்போய் இறங்கினார். லயத்து ஜனம் மொத்தமும் டேவான் வாசலில் நின்றது. எல்லார் பார்வையும் அவரைவிட்டு அவருடைய காரின் பின்பக்கத்திலேயே இருந்தது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. தோட்டத்து அலுவலகக் கணக்குப்பிள்ளையான கிராணி பணிவாக முன்னால் வந்து, "ஐஸ் பெட்டி எங்க இருக்கு டாக்டர், நாங்க தூக்கிக்கிறோம்" என்றபோதுதான் விளங்கியது. டாக்டர் ஸ்டெம் செல் கொண்டுவருகிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

டேவானில் டாக்டர் வாய் திறப்பதற்கு முன்பே அண்ணி எழுந்துவிட்டார். கை கூப்பியிருந்தார். "எங்க வேணும்னாலும் கைநாட்டு வைக்கிறேன் டாக்டர். ஒங்ககிட்ட இருக்கிற நாத்துல கொஞ்சம் எங்க வீட்டுக்காரருக்குப் போட்டு உடுங்க."

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் செல்களைத் தினமும் என் கையால் வளர்த்தவள் நான். அவை எந்த நிலையில் இருக்கின்றன என்று அந்த மண்டபத்தில் டாக்டருக்கு அடுத்தபடி தெரிந்தவள் நான்தான். ஆனாலும் அண்ணி அப்படிக் கேட்டபோது, டாக்டர் சரி என்று சொல்லிவிடமாட்டாரா என்று எனக்கு ஆசையாக இருந்தது. படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ! அப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும்.

டாக்டர் மேடையிலிருந்து இறங்கி அண்ணிக்கு எதிரில் வந்து நின்றார்.

"இல்லம்மா. எங்ககிட்ட இருக்கிறது மனுஷனுக்குப் போடுற மருந்தே இல்ல. தட்டுல வளருது. எலிக்குக் குடுத்துப் பாக்குறோம். உள்ள போனா அது எங்க போகும், என்னவா மாறும், கட்டியா வளருமான்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாது. தெரியாத ஒண்ண உங்க வீட்டுக்காரர் தலையில போட என்னால முடியாது. உங்க காலு கையப் புடிச்சுச் சொல்றேன், முடியாது."

"டவுன்ல எங்கயோ போடுறாங்களாமே டாக்டர், ஹேண்ட்ஃபோன்ல வருதே" என்றார் கிராணி.

"வருது. போட்டதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு எல்லாரையும் பாத்துச் சொல்லுவாங்களான்னு கேளுங்க. நல்லா ஆன ஒருத்தர மட்டும் காட்டுனாங்கன்னா கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துடுங்க. ஒரு நாள் இந்த மருந்து வரும்னு நானும் நம்புறேன், அதுக்குத்தான் இந்த வேலையே. இன்னிக்கு இல்ல."

பிறகு அவர் எல்லாரையும் பார்த்துத் திரும்பினார். எத்தனையோ நாட்டு அறிஞர்கள் முன்னால் கால்மேல் கால் போட்டுப் பேசியவர். அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கு இதே எடத்துல மண்டைக்குள்ள நர்சரி இருக்குன்னு சொன்னேன். தப்பு. கேக்க அழகா இருந்துச்சு, அதான் சொல்லிட்டேன். இன்னிக்கு எந்த அழகும் வேணாம், உள்ளதச் சொல்றேன். அந்தோணி அண்ணன் மூளையில செத்துப்போன செல்லுக்குப் பதிலா அசையாமப் படுத்திருந்தா புதுசு வளந்துடாது. உயிரோட மிச்சம் இருக்கிற செல்லுங்கதான் அந்த வேலைய எடுத்துச் செய்யக் கத்துக்கணும். புதுசு புதுசாத் தொடர்பு போட்டுக்கணும். கைக்கு வேலை குடுத்தாத்தான் அதுங்க கத்துக்கும். குடுக்கலன்னா, அந்தக் கையே இல்லன்னு மூளை மறந்துடும். முழுசா வரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அசைக்காம வச்சா வராதுன்னு மட்டும் சொல்லுவேன்."

அண்ணியின் முகம் சுண்டிப்போயிருந்தது. "அப்ப... இத்தன நாளும் நான்தான் அவரக் கெடுத்துட்டேனா?" என்றார்.

என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. டாக்டர் பார்த்தார். "இல்லம்மா. கெடுத்தது என் வாயி. நான் சொன்னத நீங்க ஒரு கொறையும் இல்லாம செஞ்சீங்க. உங்கள மாதிரி ஒருத்தர் கையில சரியான வேலையக் குடுத்தா இன்னும் நல்லா செய்வீங்க. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

பின்வரிசையில் ஒதுங்கி நின்ற பிசியோ பெண்ணை முன்னால் அழைத்தார். எல்லார் முன்னிலையிலும், மலாயில், உங்கள் வேலைக்கு நான் இடைஞ்சல் செய்துவிட்டேன், மன்னியுங்கள் என்றார். அந்தப் பெண்ணுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. டாக்டர் ஜனங்களிடம் திரும்பி, "இதுல எனக்கு அனுபவம் கம்மி. இவங்களுக்குத்தான் தெரியும். நாளைக்கு நானே ஃபோன் போட்டு வேற மாதிரி சொன்னாலும், இவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் செய்யணும்" என்றார்.

வீட்டுக்குப் போய், டாக்டர் நாற்காலி மேல் ஏறி வலையின் முடிச்சை அவிழ்த்தார். அண்ணி கீழே நின்று பிடித்துக்கொண்டார். வெளிச்சம் பளீரென்று அடித்ததும் அண்ணன் கண்ணைச் சுருக்கினார். பிறகு சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போனது. ஆனாலும் அது அண்ணனின் சிரிப்புதான்.

எளிதாக நடந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பிசியோ பெண் சொன்ன முதல் கட்டளையே லயத்தைக் கலக்கிவிட்டது. யாரும் ஊட்டக் கூடாது, சோறு அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், வலது கையும் தட்டருகே வேலையில் இருக்க வேண்டும். ஒரு மனிதன் பசியோடு தட்டில் தடுமாறுவதைச் சும்மா நின்று பார்க்க எங்கள் ஜனத்துக்குத் தெரியாது. சோறு கொண்டுவந்த அக்காமார்கள் வாசற்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணி கொல்லைப் பக்கம் போய் நின்றுகொள்வார். மனசைக் கல்லாக்கிக்கொண்டு அவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருந்ததுதான் நான் பார்த்ததிலேயே பெரிய வைத்தியம். அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

அங்கே குழு கோபித்துக்கொண்டது. நிதி தள்ளிப்போய், அந்த இடைவெளியில் எங்களில் சிலர் பாதிச் சம்பளத்தில் ஓட்டினோம். டாக்டர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதன் பிறகு நாங்கள் யாராவது வெளியே பேசப் போனால், முதலில் அவர் முன்னால் பேசிக் காட்ட வேண்டும். நடுவில் நிறுத்தி, "இதைக் கேட்டுட்டு ஒருத்தர் வீட்டுல போய் என்ன செய்வாரு?" என்று கேட்பார். பதில் தெரியாவிட்டால் அந்த வரியை எடுத்துவிட வேண்டியதுதான். நல்ல நல்ல வரிகளெல்லாம் அப்படிப் போயின. எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். இன்று உங்கள் பேச்சுகளைக் கேட்கும்போது, அதே கேள்வியைக் கேட்க என் வாய் துறுதுறுக்கிறது.

அண்ணன் பழைய அண்ணனாக ஆகிவிடவில்லை. அந்த ஆசையை உங்களுக்குக் கொடுத்து ஏமாற்றமாட்டேன். இன்றும் கால் இழுக்கும், சொல் தட்டும். அந்த நாட்களில் அண்ணி ஃபோன் போட்டு, கால் பரவாயில்லை, கையில்தான் ஒன்றையும் காணோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வாரங்கள் போயின. கை செத்த கையாகவே கிடந்தது. நாங்கள் தாமதமாகத்தான் போனோமோ என்று டாக்டரும் நானும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. இருவருக்கும் அதே நினைப்புதான்.

ஒரு நாள் மதியம், டாக்டரும் நானும் செல்களுக்குத் திரவம் மாற்றிக்கொண்டிருந்தோம். என் ஃபோன் அடித்தது. கையில் கையுறை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அண்ணி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

"என்ன அண்ணி? அண்ணனுக்கு என்ன ஆச்சு?"

"ஒங்க அண்ணன் என்னயத் தள்ளிட்டாரு தெரசா! நீங்க சொன்னதுக்காக நான் இத்தன நாளும் ஒரு வாய் ஊட்டல. இன்னிக்கு மனசு கேக்காம, ஆசையா ஒரே ஒரு வாய் கொண்டுட்டுப் போனேன். கோவமா ஒரு தள்ளு தள்ளுனாரு பாரு, தட்டு, சோறு, கொழம்பு எல்லாம் தரையில. நான் அவருக்கு என்ன கொற வச்சேன்?"

நான் சமாதானம் சொல்ல வார்த்தை தேடினேன். டாக்டர் சட்டென்று எழுந்து வந்தார். அவர் முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு ஃபோன் மேல் குனிந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"மேரிம்மா, எந்தக் கையால தள்ளுனாரு?"

அழுகை நின்றது. அண்ணியின் கால் பட்டிருக்கும், தரையில் கிடந்த தட்டு உருளும் சத்தம் கேட்டது. அண்ணி மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு, லயம் முழுக்கக் கேட்டிருக்கும், அண்ணி கத்தினார்.

"சோத்தாங்கையாலதான் டாக்டர்! சோத்தாங்கையாலதான்!"